அவிழ்த்த காப்பு

"வெட்டினதெண்டு ஆர் சொன்னது? வெட்டேல்லை. அவிழ்த்தது. இந்தக் கையால நான் அவிழ்த்தனான்."

அமராவதி செத்தல் மிளகாய்ப் பையைத் தராசடியில் தொப்பென்று வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பரந்தன் சந்தி மில்லுக்குள் நின்ற ஏழெட்டுப் பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். இராசமலர் மட்டும் பார்க்கவில்லை. அவள் தன் மல்லிப் பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"அவிழ்த்தாலென்ன, வெட்டினாலென்ன. அம்மாளின்ர காப்பைக் கழட்டிப்போட்டுச் செத்தவீட்டுக்குப் போனவர்தானே. போனவர் சும்மாவே இருந்தவர்? கையில சிகரெட்டோட இருந்ததை இந்த ரெண்டு கண்ணாலையும் கண்டனான்."

"கையில கண்டனீர். வாயில கண்டனீரோ?"

"கைக்கு வந்தது வாய்க்கு வராமலே போகும்?"

"அதைத்தான் கேக்கிறன். கண்டனீரோ, காணேல்லையோ?"

இராசமலர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மில்காரன் மிளகாயைக் கொட்டிவிட்டான். எல்லோருக்கும் தும்மல். சண்டை அந்த அளவில் நின்றது, தீரவில்லை.

ஊர் இப்படித்தான். ஒரு வருசமும் மூன்று மாதமும் அமராவதியின் புருசன் நடராசா ஒரு செத்தவீட்டுக்கும் போகாமல் இருந்தான். அப்போது, போகிறானில்லை என்று கதை. பிறகு ஒன்றுக்குப் போனான். இப்போது, போய்விட்டான் என்று கதை. இருந்தாலும் குற்றம், எழும்பினாலும் குற்றம் என்றால் மனிசன் எங்கேதான் நிற்பது?

அந்தக் கையில் சிகரெட் இருந்தது உண்மை. இராசமலர் பொய்க்காரி இல்லை. ஆனால் ஒருக்கால் எட்டிப் பார்த்தவளுக்கு வீட்டுக்குள் நடந்தது தெரியுமா? தெரியாது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

உருத்திரபுரத்தில் நடராசாவுக்கு இரண்டு ஏக்கர் வயல். அவன் தகப்பன் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குடியேற்றத்துக்கு வந்து காடு வெட்டி எடுத்தது. பக்கத்து ஒன்றரை ஏக்கர் மூக்கனுடையது. மூக்கன் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எழுபத்தேழுக் கலவரத்தில் அங்கே அடித்துக் கலைத்தபோது தாய் தகப்பனோடு ஒரு தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியவன். இரண்டு வயலுக்கும் ஒரு வாய்க்கால், ஒரு மடை. குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். முதலில் நடராசாவின் வயல் நிரம்ப வேண்டும், பிறகு மடையை மாற்றி மூக்கனுடையதுக்கு விட வேண்டும். தண்ணீர் ஏறுமட்டும் வரம்பில் குந்தி இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அந்தக் குந்தலில் பிடித்த பழக்கம்தான் அது. ஒரு சிகரெட், இரண்டு பேர். மூக்கன் பற்றவைப்பான். பாதி வரைக்கும் இழுப்பான். பிறகு பாராமல் கையை இடப்பக்கம் நீட்டுவான். நடராசா பாராமல் வாங்குவான். பின்பாதி அவனுடையது. தேத்தண்ணி கொண்டு போகிற அமராவதி தூரத்தில் நின்று பார்ப்பாள். நீட்டுகிறவனும் பார்க்கமாட்டான், வாங்குகிறவனும் பார்க்கமாட்டான். ஆனால் ஒரு நாளாவது தவறி விழுந்ததில்லை. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடி, கடைசியில் கம்பிவேலிக்குள் கூடாரத்தில் கிடந்தபோதும் அப்படித்தான். அங்கே ஒரு சிகரெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தால் மூக்கன் அதைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு நாலு கூடார வரிசை தாண்டி நடராசாவைத் தேடி வருவான். தனியே பற்றியதில்லை.

நடராசா வருசத்தில் பத்து நாள் மட்டும் சிகரெட்டைத் தொடமாட்டான். வைகாசியில் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குக் காவடி எடுக்கிறவன் அவன். காவடிக்காரருக்குப் பூசாரி மஞ்சளில் தோய்த்த நூலில் காப்புக் கட்டுவார். காப்பு கையில் இருக்குமட்டும் மச்ச மாமிசம் இல்லை, குடி இல்லை, புகை இல்லை. அந்தப் பத்து நாளும் அவனுக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை.

"எப்படியப்பா இருக்கிறியள்?" என்று அமராவதி கேட்டால், "அம்மாள் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறா" என்பான். காப்புக் கழற்றும் அன்று, கோயில் வீதிக்கு வெளியே மூக்கன் நெருப்புப்பெட்டியோடு நிற்பான். அம்மாள் அந்தப் பக்கம் திரும்பியதும் இவர்கள் இந்தப் பக்கம் பற்றவைப்பார்கள்.

போன வருச வைகாசியில்தான் அது நடந்தது. மகள் சுதாஜினி வவுனியாவில் இரட்டைப் பிள்ளை வயிற்றில் வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டாள். சுகமாகப் பிறக்க வேண்டும் என்று நேர்ந்த காவடி. மேளம் அடிக்க, நடராசா ஆடிக்கொண்டுதான் புறப்பட்டான். முதல் ஒழுங்கை போனது. இரண்டாவது போனது. மூன்றாவது ஒழுங்கை முகப்பில் மூச்சு எடுபடவில்லை. நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி இரைந்தது. முழங்கால் மடிந்து நிலத்தில் குந்திவிட்டான். காவடி சரிந்தது.

சனம் ஆவென்று நிற்க, கூட்டத்துக்குள்ளிருந்து மூக்கன் பாய்ந்து வந்து காவடியைத் தோளில் வாங்கினான். அவன் கையில் காப்பு இல்லை. விரதம் இல்லை. காதில் ஒரு பீடி செருகி இருந்தது.

"விரதம் இல்லாமல் தொடாதை!" என்று ஆரோ கத்தினார்கள்.

"என்னய அம்மா அடிச்சா அடிக்கட்டுங்க. அண்ணன் காவடி கீழ விழக்கூடாது" என்றான் மூக்கன். அப்படியே கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் இறக்கினான். பிள்ளைகள் இரண்டும் சுகமாகப் பிறந்தன. அம்மாளுக்கு மூக்கனின் தோள் போதுமாக இருந்திருக்கிறது. ஊருக்குத்தான் போதவில்லை.

மூன்றாம் நாள் அமராவதி நடராசாவைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிளினிக்கில் ஒரு டொக்டர்ப் பிள்ளை, சுதாஜினியிலும் இளையவள், மூன்று பந்து இருக்கிற ஒரு சாமானைக் கொடுத்து இழுக்கச் சொன்னாள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே எழும்ப வேண்டும். நடராசா கண் பிதுங்க இழுத்தான். ஒரு பந்து ஆடியது. மற்ற இரண்டும் அசையவில்லை.

"எத்தினை வயசில துவங்கினீங்கள் ஐயா?"

"பதினாறு."

"இப்ப?"

"அறுபத்திரண்டு."

அவள் ஏசவில்லை. "இண்டைக்கு விட்டா இந்த ஒரு பந்தையாவது வைச்சிருக்கலாம். விடாட்டி இதுவும் படுத்திடும்" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நடராசா வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

பொங்கல் முடிந்து வைரவருக்கு மடை படைக்கும் அன்று காவடிக்காரர் எல்லோரும் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். பூசாரி ஒவ்வொரு காப்பாய்க் கழற்றிக்கொண்டு வந்தார். நடராசாவின் முறை வந்தது. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"இது இருக்கட்டும் ஐயா."

"இருக்கட்டுமோ? இருந்தா விரதமும் இருக்க வேணும். மச்சம் ஆகாது. துடக்கு வீடு, செத்தவீடு மிதிக்கேலாது. விளங்குதே? எத்தினை நாளைக்கு?"

"தெரியாது" என்றான் நடராசா.

வீதிக்கு வெளியே நெருப்புப்பெட்டியோடு நின்ற மூக்கனைப் பார்க்காமல் மற்றப் பக்க வாசலால் வீட்டுக்கு வந்தான். அமராவதியைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். இப்படிக் கதவைச் சாத்தினது கலியாணம் கட்டின புதிதில்தான் என்று அவள் நினைத்தாள், பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"இது சிகரெட்டுக்கு எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை."

"ஏன்? நல்ல காரியம்தானே."

"அறுபத்திரண்டு வயசு மனிசன் நூலால தன்ர கையைக் கட்டி வைச்சிருக்கிறான் எண்டு சிரிப்பினம். நாளைக்கு நான் விழுந்தா அதுக்கும் சிரிப்பினம். மூக்கனுக்கும் சொல்லாதை. அவனுக்குச் சொன்னா அவன் பாவம் எண்டு தானும் விடப் பாப்பான். அவனாலையும் ஏலாது, என்னாலையும் ஏலாது."

அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினான். அமராவதி ஒரு சொல்லுக் கொடுத்தால் பனை விழுந்தாலும் அசையமாட்டாள். பின்னால் வந்த வினையெல்லாம் அந்தச் சத்தியத்தால் வந்ததுதான்.

முதல் கிழமை வீட்டில் கோழிகூடச் சத்தம் போடப் பயந்தது. கோழிக்கூட்டை மூன்று நாளில் மூன்று தரம் பிரித்துத் திரும்பக் கட்டினான். உப்பில்லை என்று ஒரு தரம், உப்புக் கூடிப்போச்சு என்று ஒரு தரம், ஒரே கறிக்கு இரண்டு தரம் ஏசினான். பிறகு குசினி வாசலில் வந்து நின்று, "அமராவதி, என்ர கை சும்மா இருக்குதில்லை. எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை" என்று பிள்ளை மாதிரிச் சொன்னான். அவள் அந்தக் கையில் அடுப்பூதுகிற குழலைக் கொடுத்தாள்.

"ஊதுங்கோ. அந்த டொக்டர்ப் பிள்ளையின்ர பந்தை வாங்க எங்களுக்கு வழியில்லை. இதுவும் மூச்சுத்தான்."

முதல் நாள் ஒரு ஊதலுக்கு ஒன்பது இருமல். சாம்பல் எல்லாம் அவள் முகத்தில். பிறகு தினமும் விடிய அடுப்பு மூட்டுவது அவன் வேலையானது. மாரிக்குள் ஈரவிறகையும் இரண்டு ஊதலில் பிடிக்கவைத்தான். சிகரெட் இருந்த சேட்டுப் பையில் அமராவதி சுக்காகக் காய்ந்த வேர்க்கொம்புத் துண்டு போட்டுவைத்தாள். ஆசை வரும்போது அதில் ஒன்று வாய்க்குள் போகும், நாக்கு எரிய எரியக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். அவனோடு சேர்ந்து அவளும் மீனை விட்டாள். மீன்காரன் படலையில் கோர்ன் அடித்தால் உள்ளே போய்விடுவாள். ஒரேயொரு நாள் இராசமலர் வீட்டில் திருக்கைக் குழம்பு தின்றாள், அதை இராசமலரே சொல்லிக்காட்டியிருக்கிறாள். தின்றால் என்ன? காப்பு அவள் கையிலா இருந்தது?

ஆனால் மூக்கன்? காப்பும் வேர்க்கொம்பும் அந்த ஒரு ஆளிடம் மட்டும் தோற்றுவிடும் என்று நடராசாவுக்குத் தெரியும். தண்ணீர் முறைக்கு முந்திப் போய்விடுவான், மடையை மாற்றிவிட்டு மூக்கன் வரமுன் திரும்பிவிடுவான். வழியில் கண்டால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு மேல்பக்கம் நின்று இரண்டு சொல்லுப் பேசுவான்.

ஆடி மாதம். சிறுபோகப் பயிர் கடைசித் தண்ணீருக்குக் காத்து நின்ற நேரம். வாய்க்காலில் தண்ணீர் மெல்ல வந்தது, அதனால் நடராசா பிந்திவிட்டான். மூக்கன் வந்து வழக்கமான இடத்தில், அவனுக்கு வலப்பக்கத்தில் குந்தினான். பற்றவைத்தான். பாதி வரைக்கும் இழுத்தான். பாராமல் கையை நீட்டினான்.

நடராசா எழும்பினான். வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னால் அடுத்து அந்த வாய்க்கு அதுதான் போகும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வரம்பால் நடந்துவிட்டான். மூக்கன் நீட்டின கையோடு இருந்தான். அது எரிந்து முடியுமட்டும் அப்படியே இருந்தான்.

இதை அடுத்த வயலில் நின்று கண்டது இராசமலரின் புருசன். இரவு சோற்றோடு அவள் காதுக்கு வந்தது, விடிய ஊருக்குப் போனது. மலைநாட்டான்ர எச்சில் எண்டு இப்பதான் அவருக்குத் தெரிஞ்சுதாம். காவடியை விரதமில்லாதவன் தொட்டிட்டான் எண்டு கோபமாம். மகள் வவுனியாவில வீடு கட்டினாப் பிறகு பெரிய மனிசராம்.

கதை மூக்கனின் காதுக்கும் போனது. போகாமல் இருக்குமா?

அந்த வருசம் நாலு செத்தவீடு. நாலுக்கும் அமராவதி தனியே போனாள். செத்தவீடென்றால் வாசலிலேயே தட்டத்தில் வெற்றிலை பாக்கு, சுருட்டு, பீடி, சிகரெட் வைத்திருப்பார்கள். வருகிற ஆம்பிளைகள் ஒன்றை எடுக்காமல் கதிரையில் இருப்பதில்லை. காப்பு அவனை அந்தத் தட்டத்திடமிருந்து காப்பாற்றியது. உண்மையைச் சொன்னால், செத்தவீட்டுக்குப் போக முடியாதது அவனுக்கு வசதியாகத்தான் இருந்தது. "அவர் வரேல்லையோ?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள். "காப்புக் கையில" என்பாள். "எவ்வளவு காலத்துக்கடியப்பா?" என்று சிரிப்பார்கள்.

பிறகு மூக்கனின் மனுசி தங்கம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம் வந்தது. அமராவதி கிழமைக்கு இரண்டு தரம் கஞ்சி கொண்டு போனாள். ஒரு நாள் தங்கம்மா வீங்கின காலைத் தூக்கித் தலையணையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அண்ணன் ஏன் இந்தப் பக்கமே வாறதில்ல? நாங்க ஏதும் தப்பு செஞ்சிட்டமா? எங்காளு வாய்க்கால்ல போய்த் தனியாக் குந்திட்டு இருக்காரு. பத்த வச்சிட்டுப் பாதியில அணைச்சிப் போட்டுர்றாரு. மிச்சத்த இழுக்க மாட்டேங்குறாரு."

அமராவதி வாயைத் திறந்தாள். சத்தியம் நினைவுக்கு வந்தது. "கஞ்சி ஆறப்போகுது, குடியும்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எறிந்தாள். "ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அந்த மனிசனுக்கு! அல்லது என்னைச் சொல்ல விடுங்கோ!"

நடராசா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். "அவன்ர சேட்டு மணம் பட்டாலே நான் போயிடுவன் அமராவதி. உனக்கு விளங்காது. ஒரு வருசம் எண்டுறது ஒரு நூல்தான். அறுந்தா அறுந்ததுதான்."

அவன் கண் கலங்கியிருந்தது புகையால் என்று அவள் நினைக்கவில்லை.

ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை காலமை. படலைக்கு வெளியே மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. மூக்கனின் மகன் நிஷாந்தன். செத்தவீடு சொல்ல வருகிறவன் வளவுக்குள் வரமாட்டான். அதைக் கண்டதுமே அமராவதி நெஞ்சில் கைவைத்தாள்.

"அம்மா விடியப்புறம் போயிட்டாங்க மாமி. மூணு மணிக்கு எடுக்கிறோம்." பிறகு நடராசாவின் மணிக்கட்டைப் பார்த்தான். "மாமா வரமாட்டாங்கன்னு அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் மொதல்ல அண்ணன் வீட்டுல சொல்லிட்டு வான்னு அனுப்பினாரு. அதான் சொல்லிட்டுப் போறேன்."

ஏச்சு இல்லை அதில். ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். மோட்டார்சைக்கிள் போன பிறகும் நடராசா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் கழித்துக் கையை நீட்டிக்கொண்டு அமராவதியிடம் வந்தான். காப்பு மஞ்சள் போய் மண்ணிறத்தில் தோலோடு ஒட்டிக் கிடந்தது.

"கத்தியை எடு."

"கத்தி எதுக்கு? வெட்டினாத்தான் குற்றம். கட்டினதை அவிழ்த்தா அம்மாள் ஒண்டும் சொல்லமாட்டா." இதை எந்தப் பூசாரி அவளுக்குச் சொன்னார்? ஒருவரும் சொல்லவில்லை. அவளே சொன்னாள், சொன்ன பிறகு அதுதான் சட்டம். சாமித்தட்டில் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வந்து, அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு குந்தினாள். பதினைந்து மாதம் தண்ணீரும் வேர்வையும் பட்டு முடிச்சு கல்லாகியிருந்தது. நல்லெண்ணெய் தொட்டுத் தடவி, நகத்தால் நெம்பி நெம்பி எடுத்தாள்.

அவன் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது இல்லாமல் நான் அங்கை போய், அந்தத் தட்டத்துக்கு முன்னால, அவனுக்குப் பக்கத்தில இருக்கிறதெண்டா…" என்றான். "என்னால ஏலுமெண்டு நீ நினைக்கிறியோ?"

"எனக்குத் தெரியாது."

"சிகரெட் பத்திப்போட்டனெண்டா?"

"பத்தினாப் பத்துங்கோ. பத்திப்போட்டு வீட்டை வாங்கோ. நாளைக்கு வேறை நூல் கட்டுவம். தங்கம்மாவுக்கு நாளைக்கு எண்டு ஒண்டு இல்லை."

முடிச்சு அவிழ்ந்தது. நூலை வேப்பமரக் கொப்பில் கொண்டுபோய்ச் சுற்றினாள். அவன் மணிக்கட்டில் வெய்யில் படாத இடம் ஒரு வெள்ளை வளையமாய் இருந்தது. அதைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தான். வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து நடந்தான். அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

மூக்கன் வீட்டு முற்றத்தில் தகரப் பந்தல். கதிரைகளில் ஆம்பிளைகள். நடராசா வந்ததைக் கண்டு கதை நின்றது. எல்லோருடைய கண்ணும் அவன் முகத்துக்குப் போய், பிறகு கைக்குப் போனது. நிஷாந்தன் தட்டத்தை நீட்டினான். நடராசா ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்தான். நேரே போய் மூக்கனுக்கு இடப்பக்கக் கதிரையில் இருந்தான். மூக்கன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர் வந்தது என்று அவன் பார்க்கவில்லை.

உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அமராவதி அவர்களோடு குந்தினாள். யன்னலால் முற்றம் தெரிந்தது. அழுதுகொண்டே பார்த்தாள்.

மூக்கன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். கண்ணீர் வழிய வழிய இழுத்தான். பாதி வந்தது. நாற்பது வருசத்துக் கை, துக்கத்திலும் மறக்கவில்லை. பாராமல் இடப்பக்கம் நீட்டினான்.

நடராசா வாங்கினான்.

இதைத்தான் இராசமலர் கண்டது. பின்கட்டில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள், எட்டிப் பார்த்து, கண்டு, பக்கத்தில் நின்றவளுக்குச் சொல்லத் திரும்பிவிட்டாள். திரும்பாமல் நின்றிருந்தால் மிச்சத்தையும் கண்டிருப்பாள்.

அமராவதியின் ஒப்பாரி நடுவில் அறுந்துபோனது. புகை நடராசாவின் முகத்துக்கு நேரே ஏறியது. அவன் மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்திருந்தான், அந்த வெள்ளை வளையத்தில். கை ஒரு சாண் மேலே வந்தது. நின்றது. திரும்ப முழங்காலுக்குப் போனது. சாம்பல் நீண்டு வளைந்து வேட்டியில் விழுந்தது. அவன் தட்டவில்லை. நெருப்பு விரலுக்குக் கிட்ட வந்தது.

அப்போதுதான் மூக்கன் திரும்பிப் பார்த்தான். முதலில் விரலைப் பார்த்தான், பிறகு ஆளைப் பார்த்தான்.

"அண்ணே… வந்துட்டீங்களா?" பிறகு, "இழுக்கலீங்களா?"

"விட்டிட்டன் மூக்கா. பதினைஞ்சு மாசம்."

மூக்கன் அந்த வெள்ளை வளையத்தைப் பார்த்தான்.

"அதுக்குத்தானா அந்தக் கயிறு?"

"ஓம். உனக்குப் பக்கத்தில இருந்தா விழுந்திடுவன் எண்டு பயம். வேறை ஒண்டும் இல்லை. அம்மாளாணை வேறை ஒண்டும் இல்லையடா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? நான் அந்தாண்ட போய்க் குடிச்சிட்டு வந்திருப்பேனே. தங்கம் கேட்டுக்கிட்டே கெடந்துச்சு, அண்ணனுக்கு என்னா கோவம், அண்ணனுக்கு என்னா கோவம்னு…" என்று சொல்லி நடராசாவின் தோளில் தலையைப் போட்டு அழுதான். சேட்டு மணம் முழுக்க நடராசாவின் மூக்கில்தான் பட்டிருக்கும். அவன் விலகவில்லை. சிகரெட்டின் அடிக்கட்டையை மண்ணில் குத்தி அணைத்துவிட்டு, அந்தக் கையால் மூக்கனின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். விரலில் சூடு பட்ட இடம் பிறகு கொப்பளித்தது. நல்லெண்ணெய் போட்டது அமராவதிதான், ஆதாரம் கேட்கிறவர்கள் போய் அந்த விரலைப் பார்க்கலாம்.

மூன்று மணிக்குப் பெட்டியை மூடினார்கள். நிஷாந்தன் கொள்ளிக்குடத்தோடு முன்னால் நின்றான். தூக்க நாலு பேர் வேண்டும். மூன்று பேர் மூக்கனின் ஆட்கள். நாலாவது ஆளைத் தேடமுன்னம் நடராசா சேட்டுக் கையை மடித்துக்கொண்டு முன்பக்கத்துக்கு வந்துவிட்டான்.

"உங்களுக்கு மூச்சு ஏலாதண்ணே" என்றான் மூக்கன்.

"நீ என்ர காவடியை ஆரைக் கேட்டுத் தூக்கினனீ?"

பெட்டி எழும்பியது. பெண்கள் படலை மட்டும்தான் போகலாம். அமராவதி படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகைக்குள்ளும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள், இருமல் வருகிறதா என்று. சுடலைக்கு மூன்று ஒழுங்கை. மூன்றாவதில்தான் அன்றைக்குக் காவடி சரிந்தது.

பறை அடித்தது. நடராசா தங்கம்மாவைத் தோளில் வைத்துக்கொண்டு படலையைத் தாண்டினான். பெட்டியைப் பிடித்த கை மேலே இருந்தது, மணிக்கட்டில் அந்த வெள்ளை வளையம் வெய்யிலில் தெரிந்தது. சேட்டுப் பையிலிருந்து ஒரு வேர்க்கொம்புத் துண்டு தவறி மண்ணில் விழுந்தது. எடுத்துக் கொடுக்க அமராவதி ஒரு அடி வைத்தாள். அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தான்.